கடையில் விழித்து வீட்டில் தூங்கிய லேப்டாப்

எனக்குக் கோபம் மூக்குமேல் உட்கார்ந்திருக்கும். ஊரே சொல்கிறது, நானும் மறுப்பதில்லை. போன வாரம் அந்தக் கோபத்தை மூன்று நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் தெருமுனையில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பெயர்ப் பலகையில் என்னவோ ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. லிஃப்ட்காரர் என்று கேட்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். முழங்கால் தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனதும் அந்த வேலையை விட்டுவிட்டு, பெற்ற மகளிடமே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, நாற்பத்தெட்டு வயதில் இந்தக் கடையைப் போட்டார். மகள் பாடம் நடத்தும்போது கைகட்டி உட்கார்ந்திருப்பாராம். சந்தேகம் கேட்கக் கையைத் தூக்குவாராம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

மனிதர் ஆமை. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் அதைத் துடைத்து, ஒரு மூடியில் போட்டு, மூடியைத் தள்ளி வைத்து, பிறகுதான் அடுத்த ஸ்க்ரூ. பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு உயிர் போகும். அதைவிட, அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்னால் நம்மிடம் கேள்வி கேட்டு அதில் எழுதுவார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள், கீழே விழுந்ததா, வீட்டில் புதிதாக ஏதாவது வந்ததா என்று பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள்.

நான் தையல்காரி. காலையில் வீட்டு மெஷின், மதியத்துக்கு மேல் ஒரு சலவைக்கடையின் பின்னறை. பதினான்கு வருடமாக யார் யாருடைய கால்சட்டைக்கோ அடி மடித்துத் தைக்கிறேன். வீட்டில் உட்கார்ந்துவிட்டால் கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில், இடது மணிக்கட்டில் குண்டூசிப் பட்டை. வெளியே கிளம்பும்போதுதான் எல்லாவற்றையும் கழற்றி மெஷின் மேல் போடுவது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாடக அரங்கில் உடைகள் வடிவமைத்துத் தைக்க ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஒரே ஒரு இடம். ராஜா உடுப்பு, பைத்தியக்காரன் உடுப்பு, கிழவி உடுப்பு என்று பதினோரு உடைகளை லேப்டாப்பில் வரைந்தேன். மூன்றை அனுப்பினேன், கூப்பிட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். திரையில் எல்லாப் படங்களையும் காட்டி, அவர்கள் சொல்கிற மாற்றத்தை அங்கேயே வரைந்து காட்ட வேண்டும். நாற்பதைத் தாண்டியவளை இன்னொரு தடவை யார் கூப்பிடப் போகிறார்கள்? இதை விட்டால் ஆயுசுக்கும் அடி மடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திங்கள் காலை லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். கம்பெனி முத்திரை வந்தது. அடுத்த நொடி திரை கறுத்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி முத்திரை, மறுபடி இருட்டு. ஆறு தடவை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன்.

லிஃப்ட்காரர் நோட்டை எடுத்தார்.

"வீட்டுல புதுசா ஏதாவது வாங்கினீங்களாம்மா?"

"லேப்டாப்புக்கா? ஒண்ணும் வாங்கலண்ணே. முதல்ல பாருங்க, அப்புறம் எழுதுங்க."

'புதுசு: இல்லை' என்று நிதானமாக எழுதினார். பிறகு லேப்டாப்பை என் பக்கமே திருப்பி வைத்தார். "நீங்களே போடுங்க. உங்க கையால."

போட்டேன். நல்ல பிள்ளை மாதிரி எழுந்து உட்கார்ந்தது. நான்கு தடவை அணைத்துப் போடச் சொன்னார், நான்கு தடவையும் எழுந்தது. என் முகத்தில் அசடு வழிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், பட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு பாவாடைக்கு ஊசி குத்தி முடித்தேன், உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். இருட்டு.

என் வீட்டுக்காரர் வந்து அழுத்தினார். ஓடியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அணைந்தது.

"உன் முகத்தைப் பார்த்துப் பயப்படுது, பாவம். நானே பதினாறு வருஷமா பயந்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

புருஷன் அடித்த நக்கலை யாராவது ரிப்பேர் கடையில் போய்ச் சொல்வார்களா? நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் கதை.

செவ்வாய் அன்று மறுபடி கடை. ஒருநாள் முழுக்க வைத்துக்கொண்டார். உள்ளே கழற்றித் தூசி தட்டினார், மெமரியை மாற்றிப் பார்த்தார், எட்டு மணி நேரம் ஓடவிட்டார். புதன் காலை என் கையில் கொடுத்து, "ஒரு குறையும் இல்லம்மா" என்றார். வீட்டுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. மதியம் கடைக்குள் நான் நுழைந்தபோது என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"குறை இல்லைன்னு எப்படிண்ணே வாய் கூசாம சொல்றீங்க? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க! நாளைக்குக் காலைல என் பொழைப்பே இதுல இருக்கு. லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவர்கிட்ட கொண்டுவந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவரோ மேசைக்கு அடியிலிருந்து தன் சொந்த லேப்டாப்பை எடுத்தார், என்னுடையதைப் போலவே ஒன்று. என் படங்களையும் வரைகிற மென்பொருளையும் அதில் ஏற்றிக் கொடுத்தார்.

"இதை வச்சு நாளைக்கு முடிச்சிடுங்க. உங்களோடதை மெதுவா பார்ப்போம்."

நன்றிகூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் ஒத்திகை பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அவருடைய லேப்டாப்பும் முத்திரையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடியது.

இந்தத் தெருவில் கல்யாணத் துணி என்றால் என் கைராசிக்காகவே கொண்டுவருவார்கள். அந்தக் கை இப்போது தொட்டதையெல்லாம் அணைக்கிறதே! போனில் அவரைக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன், ஆனால் குரல் உடைந்துவிட்டது.

"உங்களோடதும் போச்சுண்ணே. என் கைதான் சரியில்ல."

"நல்லதா போச்சு" என்றார்.

"என்னண்ணே நல்லது?"

"ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல கெடாது. அப்போ மெஷின்ல ஒண்ணும் இல்ல. லிஃப்ட்லயும் இப்படித்தான், மாட்டிக்குதுன்னு கூப்பிடுவாங்க, நாங்க போனா ஜம்முனு ஓடும். அப்போ மெஷினை விட்டுட்டு, அதுல ஏறுற ஆளோட சேர்ந்து நாங்களும் ஏறிடுவோம். காலைல எட்டரைக்கு வரேன். நீங்க எப்பவும் போல வேலை செஞ்சுக்கிட்டு இருங்க, எனக்காக எதையும் ஒதுங்க வைக்காதீங்க."

எட்டரைக்கு என் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த முழங்காலோடு ஏறி வந்து வாசலில் நின்று மூச்சு வாங்கினார். முதலில் மின்சார பிளக்கைப் பார்த்தார். மேசையை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்து என் பின்னால் போட்டுக்கொண்டார்.

"நான் இங்க இல்லன்னு நினைச்சுக்கோங்க."

எப்படி நினைப்பது? பின்கழுத்தில் ஆள் மூச்சு விடுகிறது. ஆனாலும் அரை மணி நேரம் தைத்தேன், ஊசி குத்தினேன், ஊசி எடுத்தேன், பிறகு என் லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தேன். இடது கையை விசைப்பலகைக்குக் கீழே ஊன்றி வலது கையால் பொத்தானை அழுத்தினேன். முத்திரை. இருட்டு.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று கத்தினேன். கெட்டுப்போனதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் வீட்டுக்காரரை உட்காரச் சொன்னார். ஓடியது. என்னை நின்றுகொண்டே அழுத்தச் சொன்னார். ஓடியது. உட்காரச் சொன்னார். அணைந்தது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, முகத்தைப் பார்த்துன்னு" என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க நீங்க!"

மணி ஒன்பதே முக்கால். லிஃப்ட்காரர் பதறவில்லை. அடிப்பக்கத்தைத் திறந்து பார்க்கலாம் என்று லேப்டாப்பைக் கவிழ்த்து, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, வழக்கம்போலத் துடைத்து, மூடியில் போடுவதற்காகக் கையை நீட்டினார். மூடி என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஸ்க்ரூ மூடிக்குப் போகவில்லை. அவர் விரலிலிருந்து துள்ளி வந்து என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது, குண்டூசிகளுக்கு நடுவில்.

அவர் ஸ்க்ரூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, முக்காலி ஆடியது.

"இது காந்தமாம்மா?"

"ஆமா. ஊசி கொட்டாம இருக்க. முன்னாடி டப்பாவுல வச்சிருந்தேன், இப்போதான்..."

"எப்போ வந்துச்சு இது?"

"போன ஞாயித்துக்கிழமை. இவர்தான் கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்தார்."

பட்டையைக் கழற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, அடுத்த அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஸ்க்ரூவைப் பூட்டி லேப்டாப்பை நிமிர்த்தி, "இப்போ எப்பவும் போல உட்கார்ந்து போடுங்க" என்றார். போட்டேன். முத்திரை வந்தது. போனது. என் பதினோரு உடைகளும் வரிசையாக வந்து நின்றன. இடது கையை ஊன்றினேன், எடுத்தேன், மறுபடி ஊன்றினேன். திரை அசையவில்லை.

"லேப்டாப் மூடியில ஒரு குட்டி காந்தம் இருக்கும்மா. மூடினா அது இந்த இடது பக்கத்துக்கு நேரா வரும். உள்ள இருக்கிறது அதைத் தெரிஞ்சுக்கிட்டு, மூடியாச்சுடான்னு தூங்கப் போயிடும். நீங்க கையை ஊன்றினதும் மூடிட்டாங்கன்னு நினைச்சுடுச்சு. என்னோடதும் அதே கம்பெனி, அதே இடம். கடைக்கு வரும்போது பட்டையைக் கழட்டிட்டு வந்தீங்க, அதுக்கும் தூக்கம் போயிடுச்சு."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கையில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஒரு மனிதரைத் திட்டியிருக்கிறேன். 'புதுசு: இல்லை' என்று என் வாயாலேயே சொன்னேனே, ஊசி சமாச்சாரத்தைப் போய் லேப்டாப்போடு யார் சேர்த்துப் பார்ப்பார்கள்! உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர், "அடுத்த வருஷம் ஒண்ணும் வாங்கித் தர மாட்டேன்பா" என்றார்.

மணி பத்தே கால். முகம் கழுவிப் புடவை மாற்ற ஓடினேன். நான் திரும்பி வந்தபோது முக்காலி காலியாக இருந்தது, அவருடைய லேப்டாப்பையும் காணோம். போய்விட்டார்போல என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய்க்கவில்லையே என்று மனசு உறுத்தியது.

பதினொன்றுக்குத் தொடங்கி பதினொன்றே முக்கால் வரை பேசினார்கள். பைத்தியக்காரன் உடுப்பில் ஒரு பையைக் கூட்டச் சொன்னார்கள், அங்கேயே வரைந்தேன். கிழவியின் தோள் ஏன் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று கேட்டார்கள், பத்து வருடம் குடம் சுமந்த தோள் அப்படித்தான் இருக்கும் என்றேன். கேள்வி கேட்ட அம்மாள் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். "ஒன்றாம் தேதி வந்து சேருங்கள்" என்றார். திரை கடைசிவரை ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலுக்கு வெளியே, மேல்படியில், முழங்காலை நீட்டிக்கொண்டு லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய லேப்டாப் திறந்திருந்தது. திரையில் என் ராஜா உடுப்பு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"நின்னுடுச்சா?" என்று பதறி எழுந்தார்.

"நிக்கலண்ணே. வேலை கிடைச்சுடுச்சு. நீங்க ஏண்ணே போகல?"

"லிஃப்டைச் சரி பண்ணினா, ஏறின ஆள் மேல போய்க் கதவு திறந்து இறங்குற வரைக்கும் நாங்க கிளம்ப மாட்டோம்மா. நடுவுல நின்னா, உடனே இதைக் கொண்டுவந்து வச்சிடலாமேன்னு..."

"நேத்து நான் உங்களை அப்படிப் பேசினேனே அண்ணே, அதுவும் நாலு பேர் முன்னாடி" என்றேன்.

"இதெல்லாம் ஒரு திட்டா? உள்ள மாட்டினவங்க திட்டுறதை நீங்க கேட்டதில்ல. கதவு திறந்ததும் அவங்கதான் முதல்ல அழுவாங்க. நீங்களும் அழுறீங்க பாருங்க."

அழுதேன்தான். இதில் என்ன வெட்கம்? பிறகு அவர் கையைப் பிடித்து, மூன்று மாடியும் ஒவ்வொரு படியாக, அவருடைய வேகத்திலேயே கூட்டிக்கொண்டு இறங்கினேன்.