தும்மல்கூட வராத பெண்

சுருட்டை என்ற பெயரை அத்தை முதன்முதலில் கேட்டது பிரசவ அறை வாசலில். அவளுடைய அண்ணன் தலையை மட்டும் வெளியே நீட்டி, “சுருட்டை வந்துட்டா” என்றார். அந்தச் சுருட்டைமுடிக்காரிக்கு இருபத்திரண்டு வயதில் புற்றுநோய் வந்தது. மருந்தில் கொட்டிய முடி மறுபடி முளைத்தபோது குச்சி குச்சியாக நின்றது. பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த நோயின் பெயரை மட்டும் அத்தை வாயால் சொன்னதே இல்லை. “அந்த ஜுரம்” என்பாள். கல்யாணம் ஆகவேண்டிய பெண் அல்லவா.

சுருட்டைக்கு வேறு கவலை. அந்த மருந்து இதயத்தைக் கெடுக்குமா என்று கேட்டபோதெல்லாம் வெள்ளைக்கார டாக்டர், “உங்க ஊர் ஆளுங்க யாரும் ஆராய்ச்சிக்கு வர்றதில்லை, அப்புறம் எப்படித் தெரியும்?” என்று கையை விரித்தார். பத்து வருஷம் இதயத்தைச் சோதிக்கும் ஆய்வு ஒன்று ஆரம்பமானதும் பெயர் கொடுத்துவிட்டாள். அவள் வேலை பார்க்கும் பிஸ்கட் ஆலையில் வேலை நேரத்தில் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். அதனால் கொடுத்தது அத்தையின் நம்பர்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். அங்கே மூன்று வருஷமாக ஒருத்தர்கூடத் தமிழில் பேசியதில்லை. இப்போதுதான் அதற்கென்று ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். அது அத்தைக்கு எப்படித் தெரியும்? தேன் ஒழுகும் குரலில் அந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே, “பொண்ணுக்கு முன்னாடி பெரிய நோய் ஏதாவது வந்திருக்காம்மா?” என்றதும், மாப்பிள்ளை வீட்டார் துப்புத் துலக்குகிறார்கள் என்றே அத்தை முடிவு கட்டினாள்.

“எங்க பொண்ணுக்குத் தும்மல்கூட வந்ததில்லை” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. நோயே வராதவர் என்பதால் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். ஆள் சேர்ப்பது வெள்ளியோடு முடிகிறது.

“அத்தை, நீ டாக்டரைவிடப் பெரிய ஆளு. ஒரே போன்ல குணப்படுத்திட்ட.”

“கிண்டல் பண்ணாதடி. உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்.”

“என் நல்லதுக்கு இப்ப வந்து உண்மையைச் சொல்லு.”

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கூடம் நிறைய ஆட்கள். நம் முகங்களும் நாலைந்து இருந்தன. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அந்தத் தேன்குரல்காரி, “கேக்கலம்மா, சத்தமா சொல்லுங்க” என்றாள்.

அத்தை முந்தானையை எடுத்தாள். “கேன்சர். இவளுக்குக் கேன்சர் வந்துச்சு. மூணு வருஷம் பக்கத்துல இருந்து பார்த்தவ நான். எழுதிக்கோ.”

கூடமே திரும்பிப் பார்த்தது. தேன்குரல்காரி எழுதிக்கொண்டாள்.

சுருட்டை இன்னும் அதே பிஸ்கட் ஆலையில்தான் இருக்கிறாள். ஆய்வில் இது அவளுக்கு நான்காவது வருஷம்.