வீரபாகுவின் புகையிலை இலக்கணம்

காலையில் எழுந்ததும் கலாவதிக்கு முதல் வேலை புருஷன் காலைக் கழுவுவது. மருந்துத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, இடது கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் புண்ணைத் துடைத்து, களிம்பு வைத்துத் துணி சுற்றுவாள். வீரபாகு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு ஒரு தடவை கால் கழுவியதோடு அவள் அப்பா தப்பித்துக்கொண்டார்.

"வலிக்குதுங்களா?"

"இன்னா வலி? ஒண்ணும் இல்ல."

வலிக்காததுதான் வியாதி என்று டாக்டர் லில்லி மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. வீரபாகு அதைத் தன் உடம்புக்குக் கிடைத்த நற்சான்றாகவே வைத்துக்கொண்டார்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் பதிமூன்று வருஷமாகச் சர்க்கரை. ஆனாலும் கொள்கைக்காரர். பட்டு நெய்கிற இடத்தில் நெருப்புப் பொறி ஆகாது என்று பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. அதற்குப் பதில் புகையிலைத் தூள். தறியில் உட்காரும்போது கீழுதட்டுக்குள் ஒதுக்கினால் சாப்பாட்டு வேளைக்குத்தான் துப்புவார். குடியிலும் கொள்கை உண்டு. பிராந்தியில் கலர் சோடா ஊற்ற மாட்டார், அதில் சர்க்கரை இருக்கிறதாம். குடிக்கிற நாளில் மாத்திரை போட மாட்டார், இரண்டும் சேராதாம். வாரத்தில் ஐந்து நாள் அப்படி. கிருத்திகைக்குக் குமரகோட்டம் முருகன் கோயிலுக்குப் போகிற நாளில் பிராந்தியைத் தொட மாட்டார். விரதம் என்பதால் மாத்திரையையும்.

தறிக்குழியில் மிதிக்கட்டை பிளந்து மரச் சிலாம்பு காலில் ஏறியபோது, தெரியாமல் மதியம்வரை நெய்தவர் அவர். குழிக்குள் ரத்தத்தைப் பார்த்தது கலாவதி. "எலி ஏதாச்சும் செத்திருக்கும்" என்றார்.

இரண்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. அன்றைக்குக் கட்டுப் போட்ட கையோடு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

டாக்டர் லில்லி பாதத்தை அழுத்திப் பார்த்தார். "விரலுக்கு ரத்தமே சரியா போகலை. இப்படியே போனா பாதத்தையே எடுக்க வேண்டி வரும். புகைப்பழக்கம் இல்லைன்னு எழுதியிருக்கு. நிஜமா?"

"சத்தியமா இல்லம்மா."

"வாயைத் தொறக்கச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் கலாவதி.

வேறு வழியில்லாமல் திறந்தார்.

"இது என்ன?"

"புகையிலைம்மா."

"அப்புறம் ஏன் இல்லைன்னீங்க?"

"நீங்க புகையத்தானே கேட்டீங்க. இதுல ஏது புகை? பேருலயே சொல்லிக்கினு இருக்குதே, புகை-இல்லன்னு."

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரைக் கதையையும் கலாவதியே சொல்லி முடித்தாள்.

"ஊதினாலும் அதக்கினாலும் ரத்தக்குழாய் சுருங்கும். சர்க்கரை நரம்பைக் கெடுத்திருக்கு, அதனால அடிபட்டாத் தெரியலை. ரத்தம் போகலை, அதனால ஆறலை. நீங்க மாத்திரையையும் விட்டா எப்படி? பதினஞ்சு நாள் பார்ப்போம். தூளை விடறதுக்கு மருந்து இருக்கு, எழுதித் தர்றேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் வீரபாகு ஆரம்பித்தார். "டாக்டரம்மா முன்னாடி வாயைத் தொறக்க வெச்சி மானத்தை வாங்கிட்டியேடி."

"போன மானம் ரெண்டு நாள்ல வந்துடும். காலு வருமா?"

"பயமுறுத்தறது அவங்க தொழில்."

"மிதிக்கிறது உங்க தொழில். பாதத்தை எடுத்துட்டா எதால மிதிப்பீங்க?"

அவர் தறியைப் பார்த்தார். பாதிச் சேலை ஏறியிருந்தது. பதினாறு வயதிலிருந்து அந்தக் குழியைத் தவிர அவருக்கு வேறு உத்தியோகம் தெரியாது.  கலாவதிக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

"கேக்கறேன் இல்ல. இன்னியோட தூளை விடறீங்களா, இல்லியா?"

வீரபாகு எழுந்தார். வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி வாங்கிய மெத்தைச் செருப்பு, இரண்டு மாதமாக அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. முதல் தடவையாக அதை எடுத்து, பொறுமையாக வார் மாட்டி, வீட்டை விட்டு இறங்கி, தூள் வாங்கும் முனைக்கடைப் பக்கம் நடந்தார்.