லெஸ்லி தேய்த்த மூடிகள்

“குன்னூர்ல போய்க் கூலிங் எதுக்குங்கறாங்க. ஊரு குளுருதுங்க, நான் இல்லீங்கல. மெசினுக்குள்ள ஊரா இருக்குது?”

இதை லெஸ்லி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலுமாக வரும் குரல். கடைசி வார்த்தைக்கு மட்டும் கண்ணாடியை மேலே தள்ளுவார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரி மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கீழே வர்க்கி வேகும். மேலே ஒரு மனிதர் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்து சூட்டைப் பற்றிப் புலம்புவார். சிரிக்காமல் படியிறங்கியவர்கள் குறைவு.

ஆனால் அவர் சொன்னது சரிதான். மிஸ்ட்டுக்கும் குரங்குக்கும் பயந்து வருஷம் பூராவும் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிற ஊர் இது. அந்த அறைகளில் கம்ப்யூட்டர் வெந்துபோகும்.

பக்கத்திலுள்ள வெலிங்டனில் ஒரு பட்டறையில் பதினெட்டு வருஷம் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தவர் லெஸ்லி. இரும்பின் மேல் விரலை ஓட்டியே மேடு பள்ளம் சொல்வார். கான்ட்ராக்ட் முடிந்ததும் கடை போட்டார். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸருக்கு மேல் பிஸ்கட் அளவில் ஓர் உலோக மூடி உண்டு. அதன்மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி டார்ச் அடிப்பார். ஸ்கேலுக்கு அடியில், நடுவில், மயிரிழை வெளிச்சம் தெரியும்.

“பாருங்க, பள்ளம். இதுக்கு மேல எவ்வளவு பெரிய கூலர் வெச்சாலும் ஒட்டாதுங்க. சூடு எங்க போகும்?”

கனமான கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை ஒட்டி, மூடியைக் கவிழ்த்து, நனைத்து நனைத்துத் தேய்ப்பார். வெள்ளி நிறம் போய்ச் செம்பு தெரியும். முகம் பார்க்கலாம் போல் ஆனதும் நிறுத்துவார். எட்டு டிகிரி, பத்து டிகிரி குறையும். கேம் ஆடுகிற காலேஜ் பையன்கள் கோயமுத்தூரிலிருந்துகூட வந்தார்கள்.

அதற்கு விலையும் உண்டு. மூடியில் அச்சடித்த பெயரும் எண்ணும் முதல் தாளிலேயே போய்விடும். அதோடு வாரன்டியும் போகும். ப்ராசஸரின் அடியில் ஊசி ஊசியாக நிற்கும் பின்களில் ஒன்று முறிந்தால் முடிந்தது. மூடியின் ஓரத்தில் காற்றுப் போக ஒரு சிறு சந்து இருக்கும். அதில் தண்ணீர் இறங்கியிருந்து, காயாமல் கரன்ட் கொடுத்தால் செத்தே போகும். அதனால் தேய்த்ததை அரிசி டின்னில் புதைத்து இரண்டு நாள் வைப்பார். மழைக்காலத்தில் நான்கு நாள். அவர் மனைவியின் பெயர் பெட்டி, நர்சரி ஸ்கூல் டீச்சர். இதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார்: “ஊட்டுல மனுசங்களுக்கு ரேஷன் அரிசி. சிப்புக்குப் பொன்னி.”

போன ஜூன் மாதம் கீர்த்திவாசன் வந்தான். கல்யாண வீடியோ எடுக்கிறவன். மூச்சு விடுவதற்கே “அர்ஜென்ட்டுங்கண்ணா” என்று சொல்லித்தான் விடுவான்.

“அர்ஜென்ட்டுங்கண்ணா. வீடியோ நாப்பது பர்சென்ட் ஆகறப்பவே மெசின் ஆஃப் ஆயிருது. பொண்ணு ஊட்டுக்காரங்க நாளைக்குக் காலைல வந்து உக்காந்துக்குவாங்க.”

“நாலு நாள் ஆகுமப்பா. மழைய பாத்தியல்ல?”

“நாலு நாளுன்னா பொண்ணு மாசமே ஆயிருவாங்கண்ணா.”

லெஸ்லி சிரித்துவிட்டார். சிரித்ததால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கீர்த்திவாசன் ப்ராசஸரை வைத்துவிட்டுப் போய், மத்தியானத்துக்குள் ஏழு தடவை போன் செய்தான். சாப்பாடு கொண்டுவந்த பெட்டி, “ஞாயித்துக்கிழமை போட்ட துண்டே இன்னும் காயல. இதைக் குடுத்துராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். லெஸ்லி தேய்த்து முடித்த ப்ராசஸரை ஹீட்டர் முன்னால் அரை மணி நேரம் காட்டினார். பிறகு கடை மெசினில் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். திரை வந்தது. தொண்ணூற்று மூன்று டிகிரியில் கொதித்த ப்ராசஸர் எண்பத்து மூன்று காட்டியது. அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஒரு நிமிஷத்தில் திரை இருண்டது. மறுபடி வரவில்லை.

அவரே போன் செய்தார். “எம் மேல தப்புப்பா. ஈரம் நின்னு போச்சு. செத்துருச்சு.”

கீர்த்திவாசன் மேலே ஓடிவந்தான். செம்பு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாள் பெண் வீட்டார் கேட்கப்போகிற கேள்வியெல்லாம் அவன் முகத்தில் நின்றன.

“இது என்னுதான்னு நான் எப்படிங்கண்ணா நம்பறது? பேரு இல்ல, நம்பர் இல்ல. எவனோ போட்டுட்டுப் போன செத்தது ஒண்ணை எடுத்துக் காட்டறீங்களா?”

கெடுத்தவர் என்று சொல்லியிருந்தால் லெஸ்லி தலையாட்டியிருப்பார். இது திருட்டுப் பட்டம். மறுக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. அடையாளத்தைத் தேய்த்து எடுத்ததே அவர்தான்.

விஷயம் கடைக்காரர் சங்கத்துக்குப் போனது. செயலாளர் நஞ்சப்பன், எந்தப் பஞ்சாயத்தையும் தொண்டையைச் செருமித்தான் தொடங்குவார். “அதாகப்பட்டதுங்க லெஸ்லி, மாறிக்கீறிப் போயிருக்கலாமில்லீங்க?”

“மாறலீங்க. கெட்டுப்போச்சு. நாந்தான் கெடுத்தேன்.”

“கெட்டதுக்கு சாட்சி?”

லெஸ்லி எழுந்தார். கடைக்குப் போய், தன் சொந்த மெசினைத் திறந்து, அதிலிருந்த ப்ராசஸரைக் கழற்றி வந்து மேசையில் வைத்தார். கீர்த்திவாசனுடையதைவிட உசத்தி. மூடியில் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஊர் மூடியெல்லாம் தேய்த்தவர் தன்னுடையதை மட்டும் தேய்க்கவில்லை.

“தம்பட பொருளுன்னா பயம் பாருங்க” என்றார் பேக்கரிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

“என்னுதுல பில்லு மட்டுந்தாங்க அடிக்கறேன். அது சூடாகறதில்லைங்க” என்றார் லெஸ்லி. அந்தச் சிரிப்பில் அது யார் காதிலும் விழவில்லை.

கெடுத்ததற்கு ஈடாகத்தான் கொடுத்தார். ஊர் அதை வேறு மாதிரி வாசித்தது. தப்பில்லாதவன் எதற்கு உசத்திச் சரக்கை எடுத்து நீட்டுவான்? ஊர்க் கடைத்தெருவான கீழ் பஜார் முழுக்க இதே பேச்சு. பென் டிரைவ் கொண்டுவருகிறவர்கள்கூட அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆகஸ்டில் ஷட்டர் இறங்கியது.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் மறுபடி ஃபிட்டராகச் சேர்ந்தார். நவம்பர் மழையில் நனைந்தபடி வேலை. நெஞ்சில் சளி கட்டி, லேசான காய்ச்சல் என்று பத்து நாள் நடந்தே திரிந்தார். குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது இரண்டு நுரையீரலும் போயிருந்தன. நாற்பத்தேழு வயது.

அவர் இறந்துபோவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கீர்த்திவாசன் வார்டுக்கு வந்தான். அன்றைக்கு ‘அர்ஜென்ட்’ வரவில்லை. பெட்டி பக்கத்தில் நின்றிருந்தார். நடந்ததைப் பிற்பாடு எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்: “அது என்னுதுதாங்கண்ணா. பின்னுல ஒண்ணு நான் முன்னாலயே வளைச்சு நிமித்தியிருந்தேன், அந்தக் கீறல் இருந்துச்சு. அன்னைக்கே பாத்துட்டேன். வாய் விட்டுட்டேன், திருப்பி எடுக்க முடியல. உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்.”

லெஸ்லி மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினார்.

“அதை எங்கிட்ட எதுக்கப்பா சொல்ற? இந்த ஊருல அது தெரிஞ்சவன் நான் ஒருத்தந்தான். தெரியாதவங்கல்லாம் கீழ் பஜார்ல இருக்காங்க. மணி அஞ்சுதான் ஆகுது, கடையெல்லாம் தெறந்துதான் இருக்கும். போ.”