பச்சைக்குப் பழுப்பை எடுத்த ஆறுமுகம்

பிரிக்பீல்ட்ஸில் நான் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கையாளாக, டிரஸ்ஸராக இருந்த காலம். சிக்னல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கண் டெஸ்ட் எடுப்பது என் பொறுப்பு. மேசையில் கம்பளி நூல்களைப் பரப்பி, பச்சையைக் காட்டி, "இதுக்கு ஜோடி எடு" என்பேன். முக்கால்வாசிப் பேர் மளமளவென்று எடுத்துவிடுவார்கள்.

ரவாங் தோட்டத்திலிருந்து வந்த ஆறுமுகம் பழுப்பை எடுத்தான். "நல்லாப் பாருப்பா" என்றேன். நன்றாகப் பார்த்து இன்னொரு பழுப்பை எடுத்தான். கூட வந்திருந்த அவன் அம்மா, "எங்கண்ணனுக்கும் இப்படித்தாங்கய்யா. மிளகா பழுத்துச்சா இல்லையான்னே தெரியாது" என்றார்.

அங்கேயே 'அன்ஃபிட்' எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் எங்கள் வெள்ளைக்கார டாக்டர் ஒரு புஸ்தகப் பைத்தியம். மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே கண் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பரம்பரையாக வருவது எதுவும் காரணமில்லாமல் வராது, டிரஸ்ஸர். பிழைக்க உதவியதால்தான் நிலைத்திருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் இவனுக்குப் பார்வை கூர்மையாக இருக்கலாம். பார்த்துவிடுவோம்" என்றார் இங்கிலீஷில். நான் அதைத் தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

பத்து நாள் பார்த்தோம். ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த இருட்டில் கடிகாரம் பார்த்து மணி சொல்லச் சொன்னார். புல்லில் குண்டூசி தேடச் சொன்னார். என்னைவிட ஒன்றும் அவன் கூடுதலாகப் பார்த்துவிடவில்லை. கிள்ளானில் அவனுக்குச் சொல்லி வைத்திருந்த சரக்குக் கிட்டங்கி வேலை இதற்குள் வேறொருவனுக்குப் போய்விட்டது. "தொரையே இவ்வளவு பாக்குறாரு, வேலை நிச்சயம்" என்று தாயும் மகனும் நம்பிக் கிடந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்புதான்.

கடைசியில் ரயில்வே யார்டில் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் காட்டினோம். மூன்று தடவையும் மாற்றிச் சொன்னான். 'அன்ஃபிட்' எழுதிய கையோடு டாக்டர், "ஏதோ பயன் இருக்கிறது, நமக்குத்தான் பிடிபடவில்லை" என்றார். நல்ல மனுஷர், விட்டுக்கொடுக்க மட்டும் மாட்டார்.

வெளியே போய் நான்தான் சொன்னேன். ஆறுமுகம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அம்மா என்னையே பார்த்தார்.

"காரணமில்லாம வராதுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க. என் வயித்து வழியாத்தானே வந்துச்சு? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஒரு காரணமும் இல்லம்மா. தலைமுறையா வருது. ஆளைக் கொல்லல, அதான் போகாம ஒட்டிக்கிட்டிருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்போதுதான் அழுதார்.

அதற்குப் பிறகு ரிசல்ட்டை அன்றைக்கே சொல்லிவிடுவேன். ஏன் இப்படி என்று கேட்டால், "சும்மா வந்ததும்மா" என்று சொல்லவும் பழகிக்கொண்டேன்.