அம்மன் சொல்லாத வார்த்தை

போன வருஷம் குறுவை அறுப்பு நேரத்தில் என் மகளுடைய போன் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது. அவள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். நாங்கள் இருப்பது மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். புதுசாக ஒரு போன் வாங்கத்தான் வேண்டும், அதில் எனக்கோ என் வீட்டுக்காரருக்கோ மறுப்பில்லை. எந்தப் போன் என்பதில்தான் வந்தது வினை. லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தவள் ஐபோன் கேட்டாள்.

"எதுக்குடி அது? போட்டோ நல்லா வருமா?"

"போட்டோவுக்கு இல்லம்மா. மெசேஜுக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெசேஜ் என் பழைய போனிலேயே வருகிறதே. அவள் பொறுமையாகச் சொன்னாள். அறையில் நாலு பெண்கள். மற்ற மூன்று பேரிடமும் ஐபோன். அந்தப் போனுக்குள்ளேயே ஒரு மெசேஜ் வசதி இருக்கிறதாம். அவர்களுக்குள் அனுப்பிக்கொண்டால் நீல நிறத்தில் விழும். இவளுக்கு அனுப்பினால் பச்சையாக விழும். இவளைச் சேர்த்தால் குரூப்பே ஒழுங்காக வேலை செய்யாதாம். அதனால் மூன்று பேர் மட்டும் தனியாக ஒரு குரூப் வைத்துக்கொண்டார்கள்.

"எல்லாருகிட்டயும்தான் வாட்ஸப் இருக்கே. அதுல பேசிக்க வேண்டியதுதானே?"

"அதுல நீ, அப்பா, சித்தி, மாமா எல்லாரும் இருக்கீங்க. காலையில எந்திரிச்சா அம்பது சாமி படம். அதுல யாரும்மா பேசுவா? கிளாஸ் நோட்ஸ் மட்டும்தான் வரும்."

அந்த ஐம்பதில் நான் அனுப்புவதும் ஒன்று.

"கதவைத் தெறந்துகிட்டு உள்ள போறேன், மூணு பேரும் போனைப் பாத்து சிரிச்சுகிட்டு இருக்காளுங்க. என்னடின்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாளுங்க. அவளுங்க பெரிய கோயிலுக்குப் போயிட்டு வந்த அப்புறம்தான் எனக்குத் தெரியுது. ஒரே ரூம்லதாம்மா இருக்கேன்." பிறகு, "நான் விடுதியை விட்டுடறேன். தினம் ரயில்ல போயிட்டு வரேன்" என்றாள்.

அதுதான் எனக்குப் பயம். போக வர என்று பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். என் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்தான். அலைச்சல் தாங்காமல் படிப்பு நின்றால், மறு மாசமே மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் அப்போது கொள்முதல் நிலையத்தில் கிடந்தார். நெல்லில் ஈரம் அதிகம் என்று எடை போடாமல் வைத்திருந்தார்கள். மழை வந்தால் தார்ப்பாயை மூடுவதும், வெயில் வந்தால் திறப்பதுமாகப் பத்து நாள். சாப்பாடு கொண்டுபோனபோது கேட்டேன். "நீயே ஒரு முடிவு பண்ணு" என்றார். அந்த முகத்தைப் பார்த்து மேலே பேசத் தோன்றவில்லை.

முடியாது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சொன்னால் அவள் அழுவாள். அழுதால் நான் இளகிவிடுவேன். இளகினால் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அந்தத் தவணையை எங்களால் கட்ட முடியாது. அதனால்தான், "மாரியம்மன்கிட்ட பூப்போட்டுக் கேப்போம். அவ சொல்றபடி செய்வோம்" என்றேன்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக் கேட்பார்கள், போர்வெல் போடக் கேட்பார்கள், மாடு வாங்கக்கூடக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம்.

"செல்போனுக்கெல்லாமா பூக்கட்டுவாங்க?" என்று சிரித்தாள். ஆனாலும் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

அவள் குளிக்கும்போதே நான் கொல்லைக்குப் போனேன். நந்தியாவட்டை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. செவ்வரளி மட்டும் பறித்தேன். இரண்டு வாழையிலைத் துண்டிலும் அதையே வைத்து மடித்து நாரால் கட்டினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறவள் நான். அன்றைக்கு அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

"என்னம்மா காரியம்?" என்று பூசாரி கேட்டார்.

"பொண்ணு படிப்பு விஷயமுங்க" என்றேன்.

அவள் கண்ணை மூடி ரொம்ப நேரம் கும்பிட்டாள். வலப்பக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தாள். பூவைப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சரிம்மா. ஆத்தாவே வேணாங்குறா" என்றாள். அழவில்லை. மற்றொரு பொட்டலத்தை நான் இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, வழியில் வாய்க்காலில் போட்டேன். அப்பாடா என்றிருந்தது. பொய் சொல்வானேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் விடுதியிலிருந்து, அந்த நொறுங்கின போனிலேயே கூப்பிட்டாள். எந்தப் போன் வாங்கப்போகிறாய் என்று தோழிகள் கேட்டிருக்கிறார்கள். இவள் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள்.

"உங்க ஊரு சாமிக்கு ஆண்ட்ராய்டுதான் புடிக்குமான்னு கேக்கறாளுங்கம்மா. மெஸ்ஸுல சாம்பாரா ரசமான்னா, பூப்போட்டுப் பாருடிங்கறாளுங்க." சொல்லிச் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "நல்லா சிரிங்கடி, எங்க ஆத்தா பொய் சொல்ல மாட்டான்னு சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை கோயில் வரை போய், வாசலோடு திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை அவள் ஊருக்கு வந்தாள். நெல்லைத் திருப்பிக் கொண்டுவந்து ரோட்டோரம் காயப்போட்டிருந்தோம். இரண்டு பேரும் வெயிலில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடந்தோம். பாதி தூரத்தில் பூ விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவள் நின்றாள். "ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

"நான் சாமி கும்பிட்டுட்டுதானேம்மா எடுத்தேன்?"

நான் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்தேன்.

"உன்னால முடியலன்னா முடியலன்னு சொல்ல வேண்டியதுதானே. நான் என்ன சின்னப் புள்ளையா?"

"வாய் வரலடி."

"அதுக்கு ஆத்தாவ சொல்ல வச்சியா?"

அவள் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். நான் இந்தக் கோடியில். பொழுது சாயும் வரை அப்படியே நெல்லைத் துழாவினோம். ராத்திரி சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், படுத்தாள்.

மறுநாள் அவள் ரயிலுக்குப் புறப்படும்போது நானும் கூடப் போனேன். மயிலாடுதுறையில் ஒரு போன் கடையில் ஏறினோம். கடைக்காரத் தம்பி அவளைப் பார்த்ததுமே, "கை மாறின ஐபோன் ஒண்ணு இருக்கு, புதுசு மாதிரியே இருக்கும். காலேஜ் பொண்ணுங்கல்லாம் இதத்தான் கேக்கறாங்க. தவணையும் உண்டு" என்று எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள்.

"என்னம்மா யோசிக்கறீங்க? பொண்ணு ஆசைப்படுதுல்ல?" என்று என்னிடம் கேட்டான்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் போனைக் கடையின் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டாள்.

"எங்களால முடியாதுங்கண்ணா. கம்மி விலையில என்ன இருக்குன்னு காட்டுங்க."

சத்தமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை. அந்த ஒரு வார்த்தை வாயில் வராமல்தான் நான் கோயில் வரைக்கும் போயிருந்தேன்.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து, கம்மி விலையில் வாங்கின போனில் சிம்மை மாற்றிக்கொண்டிருந்தாள். நானே கேட்டேன். "ரூம்ல கேட்டா என்னடி சொல்லுவ?"

"நடந்ததத்தான் சொல்லுவேன். காசு இல்ல, அம்மா பயந்துகிட்டு பூவை மாத்தி வச்சுட்டாங்கன்னு."

"இன்னும் சிரிப்பாளுங்களே."

"சிரிக்கட்டும். உன்னையும் என்னையும் பாத்து சிரிச்சுட்டுப் போறாளுங்க. ஆத்தாவப் பாத்து சிரிக்க வேணாம்."

ரயில் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். விடுதியை விடுகிற பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.