இதில் என் வேலை இவ்வளவுதான்

என் தங்கைக்கு வீட்டில் கோணல் என்று பெயர். அவள் கோணல் இல்லை, உலகம்தான் அவள் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரை முறைத்துக்கொண்டே சாப்பிடுவாள். பாதியில் எழுந்து போய் இடது கையால் அதை நேராக்கிவிட்டு வந்தால்தான் அடுத்த வாய் இறங்கும். நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க வந்தவள், "அக்கா, 'டோக்கன் இங்கே'ன்னு போர்டு மாட்டியிருக்கீங்க. கதவைத் திறந்தா அது கதவுக்குப் பின்னாடி போயிடுது. உள்ள வர்றவங்க யாருக்குத் தெரியும்?" என்றாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏணி போட்டு ஏறிப் போர்டைக் கழற்றியது நான்தான்.

இப்படிப்பட்டவள் டிசைன் படிக்கப் போனதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா மட்டும், "கோணல் கண்டுபிடிக்கிறதுக்குச் சம்பளம் வேற தருவாங்களா?" என்று கேட்டார். தருவார்கள் என்றாள். ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் மாதிரிப் பெரிய கட்டடங்களுக்கு வழிகாட்டிப் பலகைகள் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. வருடத்துக்கு ஒரே ஒரு மாணவரைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அதற்கு மார்க் ஷீட்டை யாரும் பார்ப்பதில்லையாம். செய்த வேலைகளை எல்லாம் அடுக்கி இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்க வேண்டும். போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். அதைப் பார்த்துப் பிடித்தால்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அவளுக்கு முன்னால் படித்து முடித்த சீனியர் ஒருத்தி, இணையத்தில் ஏகப்பட்ட பேர் பின்தொடர்கிறவள், இவளுக்கு உபதேசம் செய்தாள். வேலை மட்டும் இருந்தால் பத்தாதாம், ஆளே ஒரு பிராண்டாக வேண்டுமாம். ஒரே நிற உடை, ஒரே மாதிரிப் புகைப்படம், தன்னைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு வரி.

அன்று முதல் வீடு அமர்க்களப்பட்டது. கோணல் கறுப்பைத் தவிர வேறு எதையும் உடுத்த மாட்டேன் என்றாள். "யாரு போயிட்டாங்க?" என்று அப்பா கேட்டார். புகைப்படம் எடுப்பதற்காக என் பெட்ஷீட்டைச் சுவரில் கட்டினாள். நான் நாற்காலியில் ஏறி டேபிள் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கை மரத்துப் போனது.

"கொஞ்சம் சிரியேன்டி" என்றாள் அம்மா.

"பிராண்டு சிரிக்காதும்மா."

அந்த ஒரு வரி வேறு இருக்கிறதே. 'மௌனத்துக்கு உருவம் தருபவள்' என்று எழுதியிருந்தாள். "காலையில எழுந்ததுல இருந்து வாயை மூடினதில்ல, உனக்கும் மௌனத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்றேன். அவள் கண்டுகொள்ளவில்லை. படமும் வரியுமாக இணையத்தில் போட்டாள். முதல் ஆளாக அம்மா அதன் கீழே, 'என் தங்கம், வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வா' என்று எழுதினாள். பிராண்டின் மானம் கப்பலேறியது.

இதெல்லாம் விளையாட்டு. வினை ஆஸ்பத்திரி வேலையில்தான் வந்தது.

அவளும் வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும் சேர்ந்து, ஒரு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் நடக்கும் தாழ்வாரத்துக்குப் பலகைகள் செய்திருந்தார்கள். நிறங்களைத் தேர்ந்தெடுத்தது ஒருத்தன், படங்கள் வரைந்தது இன்னொருத்தன். எழுத்துக்களை வடிவமைத்தவள் கோணலின் உயிர்த் தோழி, எழுத்துக்காரி என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். கோணல் செய்தது என்ன? நின்றது. மக்கள் எங்கே முழிக்கிறார்கள் என்று தாழ்வாரத்தில் நாள் கணக்கில் கால் கடுக்க நின்று பார்த்தது. பாதை பிரியும் இடத்தில்தான் பழைய பலகை தொங்கியது. ஆனால் வருகிறவர்கள் கையில் இருக்கும் சீட்டைப் பார்த்தபடி அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், நாலு எட்டு போன பிறகுதான் சந்தேகம் வந்து தலையைத் தூக்குகிறார்கள். பலகை அங்கேதான் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவள் இவள்.

நான்கு பேருமே அதே அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார்கள். நான்கு பேரின் இணையப் பக்கத்திலும் அதே தாழ்வாரம், அதே படங்கள், முழுக்கத் தானே செய்த மாதிரி. இந்தப் படிப்பில் இது ஊரறிந்த பழக்கமாம். குழுவாகச் செய்வார்கள், ஆளுக்கு ஆள் மொத்தத்தையும் தன் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். கோணலும் போட்டாள். போட்டுவிட்டு, காலண்டரைப் பார்க்கிற மாதிரியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது கோணலா இருக்கு."

"எது?"

"நான்."

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தாள். மௌனத்தையும் உருவத்தையும் சேர்த்துத்தான் அழித்தாள். அழகழகான படங்களைச் சின்னதாக்கி ஓரத்தில் வைத்து, ஒவ்வொன்றின் கீழும் செய்தவர் பெயரை எழுதினாள். நடுவில் தன் கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்கள், முழித்துக்கொண்டு நிற்கும் ஆட்களின் முதுகுகள். மேலே, 'இதில் என் வேலை: பலகை எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்தது. இவ்வளவுதான்.' அதோடு விட்டாளா? பலகை வைத்துப் பார்த்த முதல் நாள் அவள் ஒட்டிய அம்புக்குறி தப்பாகி, எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள் எல்லாம் துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய் நின்றதையும், துப்புரவுக்கார அம்மா சத்தம் போட்டதையும் விலாவாரியாக எழுதி வைத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலை கேட்டுப் போறவ யாராவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாளா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

எழுத்துக்காரி என்னைவிடக் கோபமாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "நீ இப்படிப் போட்டா நாங்க மூணு பேரும் பொய்க்காரங்க ஆயிடுவோமே, தெரியுதா? எடுத்துடு."

"நீயும் உன் பேரை எழுத்துக்கு மட்டும் போடு. அது போதும்டி உனக்கு."

"எனக்கு எது போதும்னு நீ சொல்லாத."

அதோடு பேச்சு வார்த்தை நின்றது. ஒரே தட்டில் சாப்பிட்ட பெண்கள்.

அலுவலகத்திலிருந்து கோணலைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போனேன். அவர்களுடைய வரவேற்பைத் தொழில்முறையில் ஒரு நோட்டம் விட்டேன், குறை சொல்ல ஒன்றுமில்லை, அது வேறு எரிச்சல். தலைமை டிசைனர் அம்மாளின் அறைக்கதவு திறந்தே இருந்தது. பேசுவது எல்லாம் கேட்டது.

"நாலு பேர் பக்கத்துலயும் இதே தாழ்வாரம். எழுத்தை நீ உன் தோழி செஞ்சதுன்னு போட்டிருக்க. அந்தப் பொண்ணு பக்கத்துல எல்லாமே அவ செஞ்சதா இருக்கு. நான் யாரை நம்பறது?"

சொல்லுடி, அவள் பொய் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லு, இடம் உனக்குத்தான் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

கோணல் சொன்னாள்: "எழுத்து அவளோடதுதான் மேடம், அதுல சந்தேகமே வேண்டாம். கண்ணு மங்கினவங்களுக்கும் தெரியணும்னு, ஒரு மூக்குக்கண்ணாடியில களிம்பைத் தடவி மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா தூரத்துல வச்சுப் படிச்சுப் பாத்தா. படிக்க முடியாததை எல்லாம் திரும்ப வரைஞ்சா."

"அதை அவ பக்கத்துல எழுதவே இல்லையே?"

"அவளுக்கு அது பெருசாத் தெரியல மேடம். அவ செஞ்சதுலயே அதுதான் பெருசு."

அந்த அம்மாள் பேனாவால் எதையோ குறித்துக்கொண்ட சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கோணலோடு பேசவில்லை. பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

இடம் எழுத்துக்காரிக்குக் கிடைத்தது. அந்த வருடம் அவர்களுக்கு எழுத்துத் தெரிந்த ஆள்தான் தேவைப்பட்டதாம். அவளே போன் செய்தாள். ஓவென்று அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. "என்னைக் கூப்பிட்டு அந்தக் கண்ணாடி விஷயத்தைக் கேட்டாங்கடி. அது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?"

"நான்தான் சொன்னேன். அழாத, போய் ஒழுங்கா வேலையைப் பாரு" என்றாள் கோணல். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. தண்ணீர் வீணாகிறது என்று என்றைக்கும் சத்தம் போடும் அம்மா அன்று வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்துக்கு அடியில் இருந்தது பெருமை என்று புரிய எனக்குச் சில நாட்கள் ஆயின. இவ்வளவு ஆசைப்பட்ட ஒன்று எதிரில் இருக்கும்போது, கை நீட்டாமல் உண்மையைச் சொல்லிவிட்டு வர என்னால் முடியாது. என் தங்கையால் முடிந்தது.

அதே பக்கத்தைக் காட்டி அவள் வேறு இடம் தேடினாள். மாடி மாடியாகக் கார் நிறுத்தும் கட்டடங்களுக்குப் பலகை செய்யும் சின்ன அலுவலகம் ஒன்று, துடைப்ப அறைக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டு அவளை எடுத்துக்கொண்டது. காரை எங்கே விட்டோம் என்று ஜனங்கள் முழிப்பதைப் பார்த்துக்கொண்டு இப்போது அங்கே நிற்கிறாள். மஞ்சள் சட்டை போடுகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள்.

நான் அவள் பக்கத்தைக் காட்டாத ஆள் கிடையாது. பல் வலியோடு வருகிறவர்கள் பாவம், எழுந்து ஓட முடியாது. போன வாரம் கன்னம் வீங்கி வந்த ஒருவரிடம் என் போனைக் கொடுத்தேன். அவர் ஓரத்தில் இருந்த பலகைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, வீங்கிய வாயோடு, "அடேயப்பா, எழுத்து எவ்வளவு அழகா இருக்கு. எல்லாம் உங்க தங்கச்சி செஞ்சதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். "எழுத்து அவ தோழி செஞ்சது. கீழே பேர் இருக்கு பாருங்க. நடுவுல நாலு பேர் முழிச்சுக்கிட்டு நிக்கிறாங்கல்ல? அந்த இடத்தைக் கண்டுபிடிச்சவ என் தங்கச்சி."