பூட்டிய கதவில் சிவப்பு வட்டம்

நான் பொய் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுக்கவிருந்த ஒரு தாயின் முன்னால் நின்று சொன்னேன்.

இதுவரை எவரிடமும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பம்பாயில் வீடு வீடாகப் போய்ப் பெரியம்மைத் தடுப்புக்காக அம்மை குத்துவது என் வேலை. அப்போது எனக்கு ஒதுக்கியிருந்த பகுதி தாராவி. ஒரு வீட்டில் எல்லாருக்கும் குத்தி முடித்ததும் கதவில் சிவப்புச் சாயத்தால் வட்டம் போட வேண்டும். வட்டம் கண்ட வீட்டுக்கு மறுபடி எவரும் குத்தப் போகமாட்டார்கள்.

எங்கள் இன்ஸ்பெக்டர் மராட்டியர். யார் எத்தனை பேருக்குக் குத்தினோம் என்று தினமும் காலையில் கரும்பலகையில் எழுதுவார். முதல் பெயருக்கு ஒரு ‘ஷாபாஷ்’. கடைசிப் பெயர்க்காரன் எல்லார் முன்னிலும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் நான் நின்றேன். இன்னொரு நாள் நின்றால் வேலை இல்லை என்றார். நானோ தற்காலிகப் பணியாளன்...

அன்று ஒரு சந்தில் ஏழு வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லாரும் கூலிக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்திருக்கலாம். ஏன் வரவில்லை? பலகைக்குப் பயந்தேன்! ஏழு கதவுகளிலும் வட்டம் போட்டு, அந்த வீட்டு ஆட்களுக்கும் குத்தியதாகக் கணக்கு எழுதினேன். மீந்த அம்மைப்பால் மருந்தைச் சாக்கடையில் கொட்டினேன். மறுநாள் என் பெயர்தான் முதலில் இருந்தது. வெட்கமில்லாமல் மகிழ்ந்தேன்.

சில வாரங்களில் அந்தச் சந்தில் பெரியம்மை என்று தகவல் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பொன்னுத்தாயின் மூன்று வயது மகனுக்கு. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாததால் என்னையும் கூட்டிப் போனார். பிள்ளையின் கையில் குத்திய தழும்பு இல்லை. கதவில் என் வட்டம் இருந்தது.

பொன்னுத்தாய் என்னைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்கு யாருமே வரலய்யா. நீங்களே சொல்லுங்க... வந்தியளா?”

வந்தேன் என்றேன். பிள்ளையை ஒளித்து வைத்துவிட்டு, வீட்டில் குழந்தையே இல்லை என்றாள் என்று இன்ஸ்பெக்டரிடம் இந்தியில் சொன்னேன். அப்படி ஒளிக்கிறவர்கள் உண்டு, அவர் நம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற, தோல் கிடங்கில் வேலை செய்யும் அவள் புருஷனுக்கும் இந்தி புரியும்.

“ஏளா, புள்ளைய ஒளிச்சா வச்சே?” என்று கேட்டான்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்தான். பெற்றவளே கொன்றாள் என்று சந்து முழுக்கப் பேச்சு. நான் செம்பூருக்கு மாற்றல் கேட்டு ஓடிவிட்டேன்.

இங்கே எந்த வீட்டையும் விடுவதில்லை. பூட்டியிருந்தால் மூன்று முறை போகிறேன். ஒவ்வொரு கையையும் தொட்டுத் தழும்பைப் பார்க்கிறேன். போன மாதம் புதிய ஆட்கள் முன்னால் என்னை நிறுத்தி, இவ்வளவு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று மேலதிகாரி கேட்டார்.

சேவை மனப்பான்மை என்றேன். கை தட்டினார்கள்.

ஐயோ, அது பயம்! வெறும் பயம்!

செம்பூரிலிருந்து தாராவி என்ன தூரம்? இன்றே போய் அவள் புருஷனிடம் உண்மையைச் சொல்லலாம். போகவில்லை... போகமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டு நிற்கும்போது ஒரே நினைப்புதான். திறப்பது பொன்னுத்தாயாக இருந்து, “வந்தியளா?” என்று கேட்டால்... நான் என்ன சொல்வேன்?